எத்தனை பூச்சு

கருங்கல் சதுர அடி என்ன விலை என்று கேட்டேன்.
கேட்டதோடு சரி.
அரை லீற்றர் கறுப்பு, கால் லீற்றர் வெள்ளை,
சாம்பல் நிறத்துக்கு ஒரு சின்ன ரின்
வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பாசையூரில் எங்கள் குசினி மேடை சீமெந்து.
தொண்ணூற்றாறில் திரும்பி வந்தபோது
அவசரத்துக்குப் பூசியது.
மஞ்சள் கறை, மண்ணெண்ணெய் அடுப்பின் மூன்று கால் தடம்,
நண்டு உடைத்து உடைத்துக் குழி விழுந்த மூலை.

அந்தோனியார் திருநாளுக்கு
ஜெசிந்தா மச்சாள் ஒஸ்லோவிலிருந்து வருகிறாள்.
"இன்னும் அதே குசினிதானோ?"
போனில் சும்மாதான் கேட்டவள்.
சும்மா கேட்கிற கேள்விகள்தான்
என்னை நித்திரை கொள்ள விடுவதில்லை.

முதல் நாள் அரத்தாளால் தேய்த்தேன்.
மூக்குக்குள்ளும் சீமெந்து.
இரண்டாம் நாள் கறுப்பு அடித்தேன்.
காய்ந்த பிறகு பார்த்தால்
கல் இல்லை, கறுப்பு. அவ்வளவுதான்.

கல்லுக்குள் என்ன இருக்கும்?
நாற்பத்தாறு வயதுவரை
ஒரு கல்லை நின்று பார்த்ததில்லை நான்.
இந்த ஊரில் எங்கே தோண்டினாலும் சுண்ணாம்புக்கல்,
ஓட்டை ஓட்டையாய், தண்ணீர் குடிக்கிற சாதி.
அதைப் பார்த்துக் கீறினால் மச்சாள் சிரிப்பாள்.

சேமக்காலைக்குப் போனேன்.
புதுக் கல்லறைகள் எல்லாம் இப்போது கருங்கல்,
பாதி வெளிநாட்டுக் காசு.
றோசலின் மத்தேசுப்பிள்ளையின் கல் நல்ல மினுக்கம்.
ஆரென்று எனக்குத் தெரியாது.
குந்தியிருந்து பார்த்தேன்.
அந்தக் கறுப்புக்குள்தான் கறுப்பில்லாதது எவ்வளவு!
சாம்பல் பொட்டுகள், புகை போல ஒரு நரம்பு,
கைதவறிக் கொட்டின உப்பு.
எட்டுப் படம் எடுத்தேன்.
"சொந்தமோ?" என்றான் காவல்காரன்.
"ஓம்" என்றேன்.
பொய்க்கு ஈடாக
இரண்டு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தேன்.

ஸ்பொஞ்சைப் பிய்த்துச் சாம்பலைத் தொட்டுத் தொட்டு ஒற்றினேன்.
பழைய பல்தூரிகையை விரலால் தட்டினால் வெள்ளை தெறிக்கும்;
என் கண்ணாடியிலும் தெறித்தது.
நரம்புக்குச் சேவல் இறகு.
போனைப் பார்ப்பது, கீறுவது, பார்ப்பது.
நடுவுக்கு வந்தபோது எழுத்து மறித்தது:
'இவ்விடம் இளைப்பாறுகிறார்.'
எழுத்துக்குக் கீழே அந்த நரம்பு
எப்படி வளைந்து போனதோ, படத்தில் இல்லை.
அந்த ஒன்றரை அடியை
நானாகத்தான் யோசித்துக் கீறினேன்.
சோறு வடிக்கிற பக்கம் அது.

மூன்றாவது வார்னிஷ் காயமுதல்
இவர் கொடுவா மீனோடு வந்தார்.
"வைக்காதையுங்கோ!"
வைத்துவிட்டார்.
பையைத் தூக்க, மூன்று செதில் ஒட்டிக்கொண்டது.
நகத்தால் கிளப்பினால் கல்லும் சேர்ந்து உரியும்.
விட்டுவிட்டேன்.

மச்சாள் வந்தாள்.
பெட்டியை விறாந்தையில் விட்டு நேரே குசினிக்கு.
இரண்டு விரலால் மேடையைத் தடவினாள்.
"கிறனைற்றே போட்டனீங்கள்?"
"மலிவாக் கிடைச்சது."
குனிந்து செதிலைப் பார்த்தாள்.
"இப்பிடி மினுங்கிறது விலை கூட எல்லோ."
அடுப்பில் ஏதோ வேலை இருப்பதுபோல்
நான் திரும்பிக்கொண்டேன்.

திருநாள் முடிந்த மறுநாள்
மாமியின் கல்லறைக்குப் பூ கொண்டு போனோம்.
வேறு பாதையால் கூட்டிப்போகலாம் என்றுதான் நினைத்தேன்.
மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது.
றோசலினைக் கடக்கும்போது மச்சாள் நின்றாள்.
கையிலிருந்த பூவை மறந்து நின்றாள்.
பிறகு, இரண்டு விரலால்
அந்தக் கல்லைத் தடவினாள்.
இவர் "தெரிஞ்ச ஆளோ?" என்று கேட்டார்.
"இல்லை" என்றாள்.

ஓட்டோ பெரிய சத்தம்.
கடற்கரை வீதி திரும்பும்வரை ஒன்றும் பேசவில்லை.
பிறகு என் காதுக்கு மட்டும்:
"வார்னிஷ் ரண்டு பூச்சோ?"

"மூண்டு" என்றேன்.